பல ஆண்டு உழைத்த டிஎஸ்எல்ஆர்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

கேள்வி

வணக்கம். 16 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி என்ற சிறிய அளவு சென்சார் (படம் பதியும் ஒளியுணரி) கொண்ட டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்துக் காட்சியைக் காட்டும்) கேமரா ஒன்றை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறேன். பகலில் பறவைகள், மாலையில் மேடை நிகழ்ச்சிகள் என்று இரண்டு வகைப் படங்களுக்கும் அது ஒன்றுதான். ஷட்டர் எண்ணிக்கை (ஷட்டர் இதுவரை இயங்கிய தடவைகள்) 1,42,000-ஐத் தாண்டிவிட்டது. ஷட்டர் தாங்கும் என்று தயாரித்த நிறுவனம் குறிப்பிட்டிருக்கும் அளவு 1,50,000.

அண்மைக் காலமாகச் சில தொல்லைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்துள்ளன. ஷட்டர் வேகம் 1/4000 நொடி அல்லது அதற்கு மேல் இருக்கும்போது சில படங்களின் மேல் விளிம்பு இருண்டு விடுகிறது. டெலி ஜூம் லென்ஸில் எடுக்கும் பறவைப் படங்கள் சற்றே மங்கலாக வருகின்றன, 50 மி.மீ. லென்ஸில் அந்தக் குறை இல்லை. பேட்டரி பாதி நிகழ்ச்சிக்குள் தீர்ந்துவிடுகிறது. மேடைப் படங்களில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 3200-க்கு மேல் போனால் நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான குறை) மிகுதியாகத் தெரிகிறது. போதாக்குறைக்கு, கைப்பிடி ரப்பரும் உரியத் தொடங்கிவிட்டது.

இந்தக் கேமராவின் ஒவ்வொரு பொத்தானும் பார்க்காமலே என் விரலுக்குத் தெரியும் என்பதால் விட மனம் வரவில்லை. ஆனால் பிறர் வீட்டு நிகழ்ச்சியை எடுக்கும்போது அது நின்றுவிட்டால் அந்தப் படங்களை மீண்டும் எடுக்க வழியில்லை. மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

மறுமொழி 1

நண்பரே, நீங்கள் எழுதியிருக்கும் ஐந்து குறைகளும் ஒரே நேரத்தில் வந்திருப்பதால் ஒரே நோயின் அறிகுறிகள் போலத் தோன்றுகின்றன. உண்மையில் அவற்றில் ஒன்றே ஒன்றுதான் கேமராவின் உள்ளுறுப்புத் தேய்மானத்தைக் காட்டுகிறது. மற்றவற்றை முதலில் ஒதுக்கிவிட்டால் முடிவு தானே தெளிவாகும்.

ரப்பரை இருபக்க ஒட்டு நாடாவால் ஒட்டிவிடலாம், அதைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை. லித்தியம்-அயான் பேட்டரி கேமராவைவிட முன்னதாகவே முதுமை அடையும் பொருள். சில கேமராக்களின் மெனுவில் பேட்டரியின் வயது 0 முதல் 4 வரையிலான எண்ணாகக் காட்டப்படும். 4 என்றால் அதன் காலம் முடிந்தது என்று பொருள். அப்படி ஒரு பகுதி உங்கள் கேமராவில் இல்லையென்றால், வேறொருவரின் நல்ல பேட்டரியை ஒரு நிகழ்ச்சிக்கு வாங்கிப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மறுமொழி 2

ஷட்டரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் கவலைப்பட வேண்டியது அதுதான். டிஎஸ்எல்ஆர் ஷட்டரில் இரண்டு திரைகள் உண்டு. முதல் திரை விலகிச் சென்சாரைத் திறக்கிறது. இரண்டாம் திரை பின்தொடர்ந்து வந்து மூடுகிறது. 1/200 அல்லது 1/250 வரையிலான வேகங்களில் சென்சார் முழுவதும் ஒரு கணமாவது திறந்திருக்கும். அதற்கு மேல் போனால், முதல் திரை ஓடி முடிப்பதற்கு முன்பே இரண்டாவது கிளம்பிவிடுவதால், இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒரு மெல்லிய இடைவெளிதான் சென்சாரைக் கடந்து செல்கிறது. 1/4000-இல் அந்த இடைவெளி மிகக் குறுகியது. முதல் திரை இம்மியளவு தாமதித்தாலும் இடைவெளி ஓரிடத்தில் சுருங்கி, படத்தின் அந்தப் பகுதி இருண்டுவிடும். குறைந்த வேகத்தில் அதே தாமதம் கண்ணுக்கே தெரியாது.

ஆனால் ஷட்டர்மீது பழி போடுவதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். எல்இடி, குழல் விளக்குகள் பலவும் கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பவை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை ஒளி ஏறி இறங்கும். அந்த வெளிச்சத்தில் வேகமான ஷட்டரை வைத்தால் நல்ல கேமராவிலும் இருண்ட பட்டைகள் விழும். எனவே சோதனையைப் பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டும். நிழலில் உள்ள வெற்றுச் சுவர் ஒன்றின் முன் கேமராவை முக்காலியில் நிறுத்தி, லென்ஸின் துளை அளவை (எஃப் எண்ணை) மாற்றாமல், 1/250-க்கு ஐஎஸ்ஓ 100, 1/500-க்கு 200, 1/1000-க்கு 400 என்று இரண்டையும் சேர்த்தே இரட்டிப்பாக்கிக்கொண்டு 1/8000, ஐஎஸ்ஓ 3200 வரை போங்கள். எல்லாப் படங்களும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வேகத்திலும் பல முறை எடுங்கள், ஏனெனில் தேய்ந்த ஷட்டர் ஒவ்வொரு முறையும் தவறுவதில்லை. பிறகு கேமராவின் உள்ளிருக்கும் கண்ணாடியை முன்கூட்டியே மேலே தூக்கி நிறுத்தும் வசதியை இயக்கி அதே சோதனையை மீண்டும் செய்யுங்கள். இருள் மறைந்துவிட்டால் குறை ஷட்டரில் இல்லை, கண்ணாடியின் இயக்கத்தில் இருக்கிறது.

1,50,000 என்ற எண்ணைக் காலாவதித் தேதியாகக் கொள்ள வேண்டாம். நிக்கான் டி850-க்கு 2,00,000, கேனான் 80டி-க்கு 1,00,000 என்று நிறுவனங்கள் அறிவிப்பது சோதனையில் தாங்கிய அளவு. அதைக் கடந்து நெடுநாள் ஓடும் ஷட்டரும் உண்டு, எட்டாமலே நின்றுபோவதும் உண்டு. எண்ணிக்கையைவிட உங்கள் படத்தின் இருண்ட விளிம்புதான் நம்பத்தக்க சான்று.

மறுமொழி 3

மங்கல் பற்றி: டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் சாளரம்) வழியே பார்க்கும்போது குவியத்தை (ஃபோகஸை) அளப்பது படம் பதியும் சென்சார் அல்ல, கண்ணாடிப் பெட்டியின் அடியிலுள்ள தனி உணரி. இரண்டுக்கும் உள்ள ஒளிப்பாதைத் தூரம் சற்றே வேறுபட்டாலும் குவியம் முன்னாலோ பின்னாலோ விழும். லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து எடுக்கும் முறையில்) குவியம் படச் சென்சாரிலிருந்தே அளக்கப்படுகிறது. எனவே அசையாத ஒரு பொருளை, எழுத்துகள் நிறைந்த அட்டைப்பெட்டி போன்ற ஒன்றை, இரு முறைகளிலும் எடுத்து ஒப்பிடுங்கள். லைவ் வியூவில் மட்டும் துல்லியமாக இருந்தால் மெனுவிலுள்ள குவியத் திருத்தத்தை அந்த லென்ஸுக்காகச் சில புள்ளிகள் நகர்த்தினால் போதும். இரண்டிலும் மங்கலாக இருந்தால் லென்ஸைத்தான் காட்ட வேண்டும், புதிய கேமராவில் பூட்டினாலும் அது அப்படியேதான் இருக்கும்.

மறுமொழி 4

மேடைப் படங்களில் நாய்ஸ் என்பதற்காகக் கேமராவை மாற்ற நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏபிஎஸ்-சியிலிருந்து அதைவிடப் பெரிய முழுச் சட்டக சென்சாருக்குப் போனால் பரப்பளவு இரண்டு மடங்கிற்குச் சற்று மேல் கிடைக்கிறது. அது ஏறத்தாழ ஒரு ஸ்டாப் (ஒளி இரு மடங்காவது) நன்மை. சென்சார் தலைமுறை முன்னேறியிருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். அதே வேளையில், எஃப் 5.6 லென்ஸுக்குப் பதிலாக எஃப் 2.8 லென்ஸ் வைத்தால் இரண்டு ஸ்டாப் கிடைக்கும்: ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்த படத்தை 1600-இல் எடுக்கலாம். உங்களிடம் உள்ள 50 மி.மீ. லென்ஸ் எஃப் 1.8 ஆக இருந்தால், மேடைக்கு அருகில் நிற்க முடிகிற நிகழ்ச்சிகளில் அதையே பயன்படுத்திப் பாருங்கள். படங்களை ரா (கேமரா பதப்படுத்தாத) வடிவில் எடுத்தால், இப்போதுள்ள நாய்ஸ் நீக்கும் மென்பொருள்கள் பழைய கோப்புகளையும் வியக்கத்தக்க அளவு சீராக்குகின்றன.

புதிய பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) வாங்குவதானால் லென்ஸ் மவுன்ட்டையும் (லென்ஸைப் பூட்டும் இடத்தையும்) பாருங்கள். கேனானும் நிக்கானும் 2018-இல் மிரர்லெஸ் (கண்ணாடி இல்லாத) கேமராக்களுக்கெனப் புதிய மவுன்ட்களைக் கொண்டுவந்தன. கேனானின் டிஎஸ்எல்ஆர் லென்ஸ்களான இஎஃப் வகை அடாப்டருடன் தானியங்கிக் குவியத்தோடு இயங்கும். நிக்கானின் டிஎஸ்எல்ஆர் லென்ஸ்களைப் புதிய மவுன்ட்டில் பூட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரில் குவிய மோட்டார் கிடையாது. ஆகவே பாடியிலுள்ள மோட்டாரை நம்பி இயங்கிய பழைய லென்ஸ்களைக் கையால்தான் திருப்ப வேண்டும். பறவைகளை எடுக்கும் ஒருவருக்கு இது சிறிய இழப்பு அல்ல.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. எல்லாச் சோதனைகளையும் செய்து பார்த்தேன். பேட்டரி வயது 4 என்று காட்டியது, புதியது வாங்கிவிட்டேன். லைவ் வியூவில் ஜூம் லென்ஸ் தெளிவாக இருந்தது. குவியத்தைத் திருத்திய பிறகு பறவையின் கழுத்துச் சிறகுகள் தனித்தனியாகத் தெரிகின்றன. சுவர்ப் படங்கள் 1/1000 வரை ஒரே சீராக உள்ளன. 1/2000-இல் எப்போதாவதும், 1/4000-இல் அடிக்கடியும் மேல் விளிம்பு இருள்கிறது. கண்ணாடியை உயர்த்தி வைத்தாலும் மாற்றமில்லை. இனி என்ன செய்யலாம்?

மறுமொழி 2

அப்படியானால் ஷட்டர்தான். இப்போது கேட்க வேண்டிய கேள்வி, ஷட்டர் தொகுதியை மாற்றுவது தகுமா என்பது மட்டுமே. பழுதுநீக்கும் மையத்தில் மூன்றைக் கேளுங்கள்: உதிரிப்பாகம் புதியதா அல்லது வேறொரு கேமராவிலிருந்து கழற்றியதா, மாற்றிய பிறகு எத்தனை மாதம் உத்தரவாதம், மொத்தச் செலவு எவ்வளவு. குறைவாக ஓடிய இதே மாடல் பழைய பாடி ஒன்றின் விலையில் பாதியைச் செலவு தாண்டினால், நானாக இருந்தால் அந்தப் பாடியையே வாங்குவேன். உங்கள் லென்ஸ், பேட்டரி, விரல் பழக்கம் எல்லாம் அப்படியே தொடரும். வாங்கும் முன் இதே சுவர்ச் சோதனையை அதிலும் செய்து பாருங்கள்.

அதுவரை 1/1000-ஐத் தாண்டாமல் எடுக்கலாம். ஆனால் முழுக் கருப்பான படம் வந்தாலோ, பிழைச் செய்தி தோன்றினாலோ, ஷட்டர் ஒலி மாறினாலோ மேலும் அழுத்திப் பார்க்க வேண்டாம்; திரைத் தகடு உடைந்து சென்சாரின் மேலுள்ள கண்ணாடியைக் கீறிவிட்டால் பழுது பார்ப்பதில் பொருளே இராது.

மறுமொழி 4

ஒன்றில் மட்டும் மேலே உள்ளவரிடமிருந்து வேறுபடுகிறேன். பிறருக்காக நிகழ்ச்சி எடுப்பவரிடம், ஷட்டர் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டு பாடிகள் இருந்தே ஆக வேண்டும். எனவே முதலில் இரண்டாவதை வாங்குங்கள், பழையதாயினும் சரி. பிறகு இந்தக் கேமராவுக்கு ஷட்டர் மாற்றலாமா என்பதை அவசரமின்றி முடிவு செய்யலாம். அதுவரை பறவைகளுக்கு இது போதும், மேடைக்கு இதைத் தனியாகக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

அவ்வாறே செய்கிறேன். இதே மாடலில் குறைவாக ஓடிய பாடி ஒன்று விற்பனைக்கு இருக்கிறது; பகல் வெளிச்சத்தில் சுவர்ச் சோதனை செய்து பார்க்க உரிமையாளர் இசைந்திருக்கிறார். 1/8000 வரை சீராக வந்தால் வாங்கிவிடுவேன். மையத்தின் மதிப்பீடு கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன்.