ஸ்டீம் ரூமுக்குள்ள மூச்சு முட்டின ஆக்கள் இருக்கீங்களா?

கல்லடிப் பொடியன்:
போன கிழமை நடந்தது. நான் போற ஜிம்மில புதுசா ஒரு ஸ்டீம் ரூம், அதான் ஆவிக்குளியல் அறை, கட்டியிருக்காங்க. "வெளிய கச்சான் காத்து நெருப்பா அடிக்குது, நீ காசு குடுத்து அவியப் போறியா மனே" எண்டு அம்மா கேட்டா. நான் கேக்கல்ல.

கதவைத் திறந்தா ஒரே வெள்ளை. எதிர்ல இருக்கிறவர்ட கால் மட்டும்தான் தெரியுது. யூகலிப்டஸ் தைலம் மூக்கில ஏறி கண்ணெல்லாம் எரிச்சல். மேல் படியில போய் இருந்து, பிராணாயாமம் எண்டு நினைச்சு வாயால இழுத்து இழுத்து ஊதினன். அஞ்சு நிமிசத்தில விரல் நுனியெல்லாம் விறுவிறுத்து உதடு மரத்திட்டு. உள்ள காத்தே இல்லப் போல எண்டு இன்னும் பலமா இழுத்தன். மறுகா பயந்து படக்கெண்டு எழும்பினன், கண் இருட்டிப் போச்சு. பக்கத்தில இருந்த ஐயா கையைப் பிடிச்சு கதவடியில நிலத்தில இருத்தினாரு. கதவுக்குக் கீழ இருந்த இடுக்கால குளிர்காத்து கன்னத்தில பட்டது இன்னும் நினைவிருக்கு. நான் செஞ்சதில எது பிழை?

கல்முனை நானா:
எல்லாமே பிழைதான் தம்பி. நான் ஆறு வருசம் டோஹாவில ஹோட்டல் ஸ்பாவில வேலை செஞ்சவன். உங்களைப் போல எத்தனை பேரைத் தாங்கிப் பிடிச்சு வெளிய கொண்டு வந்திருக்கன்.

உள்ள காத்து இருக்கு. ஆனா சூடு 45 பாகை அளவில, ஈரப்பதன் 100 வீதம். உங்கட உடம்பு 37. குளிர்ந்த போத்தலில தண்ணி பூக்கிற மாதிரி, ஆவி உங்கட தோலிலயும் மூக்குக்குள்ளயும் வந்து தண்ணியா படியுது. வேர்வை காய இடமில்ல, அதால சூடு இறங்காது. உடம்பு சூடாக ஆக நெஞ்சடிப்பும் மூச்சும் தானாக் கூடும். அதைத்தான் காத்து இல்ல எண்டு நினைச்சிருக்கீங்க. பத்தாததுக்கு வேணுமெண்டு ஊத, ரத்தத்தில காபனீரொட்சைட்டு குறைஞ்சிட்டு. விரல் விறுவிறுத்தது அதாலதான்.

நான் ஆக்களுக்குச் சொல்றது: கீழ்ப் படியில இருங்க, ஆவி வாற குழாய்க்குக் கிட்டப் போகாதீங்க. மூக்கால மெதுவா இழுங்க, இழுத்ததை விட விடுறது கொஞ்சம் நீளமா இருக்கட்டும். பச்சைத் தண்ணியில நனைச்ச சின்னத் துவாயை மூக்குக்கு முன்னால பிடிச்சாப் போதும், ஒட்ட அமுக்க வேணாம். பக்கத்து ஆளோட ஒரு வசனம் ஒரே மூச்சில பேச ஏலாட்டி வெளிய வந்திரணும். புதுசா வாறவங்களை அஞ்சு நிமிசத்தில நானே கதவைத் தட்டிக் கூப்பிடுவன். பிரஷர் குளிசை போடுறவங்களை எழும்ப முதல் காலைத் தொங்கப் போட்டு ஒரு நிமிசம் இருக்கச் சொல்லுவன்.

ஆலையடிவேம்பு:
எனக்குச் சின்ன வயசில இருந்து இழுப்பு. பாசிக்குடாவில ஒரு ஹோட்டலுக்குப் போன இடத்தில, அவர்ட தங்கச்சி "வாங்க மச்சாள், சளிக்கு நல்லம்" எண்டு உள்ள கூட்டிப் போனா. ரெண்டு நிமிசத்தில இருமல், நெஞ்சுக்குள்ள விசில் சத்தம். இன்ஹேலர் எங்க? வெளிய லொக்கருக்குள்ள, திறப்பும் அவட கையில. ஓடிப்போய் எடுத்துத் தந்தா, பாவம். கிளினிக்கில டொக்டர் சொன்னது, இழுப்புக்காரர் சிலருக்கு ஈரச்சூடு சுகமா இருக்கும், சிலருக்கு மூச்சுக்குழாயை இன்னும் இறுக்கும், தைலவாசம் சேந்தா இன்னும் மோசம் எண்டு. நான் ரெண்டாவது கூட்டம்.

களுவாஞ்சிகுடி:
நான் பின்லாந்தில படிச்சனான். அங்கத்தைச் சவுனா எண்ட சூட்டறை வேற சாமான். 80, 90 பாகை எண்டாலும் காத்து காய்ஞ்சது, வேர்வை உடனே காயும், அதால தாங்கலாம். மூக்குத்தான் வறண்டு எரியும். உள்ள சூடாக்கி வைச்சிருக்கிற கல்லில அகப்பையால தண்ணி ஊத்தினா எழும்புற ஆவியை அவங்க "லொய்லு" எண்டுவாங்க. முதல் தரம் அது முகத்தில அடிக்க நான் வாயைப் பிளந்து, தொண்டை பத்தி எரிஞ்சுது. பக்கத்தில இருந்த கிழவன் சிரிச்சிட்டு, குனிஞ்சு ரெண்டு கையையும் மூக்குக்கு முன்னால குவிச்சுக் காட்டினான். அந்த அலை போக அரை நிமிசமும் எடுக்காது.

வீம்புக்கு மட்டும் இருக்காதீங்க. 2010இல அங்க ஹெய்னோலா எண்ட ஊரில உலக சவுனாப் போட்டி நடந்தது, 110 பாகையில. கடைசிச் சுற்றில ஒருத்தர் செத்துப்போனார். அதோட போட்டியையே நிப்பாட்டிட்டாங்க.

வந்தாறுமூலை:
எங்கட அப்பாவுக்கு வாதத்துக்கு வைத்தியர் வேது குடுக்கேக்க மரப்பெட்டிக்குள்ள இருத்தி, தலையை வெளிய விட்டுத்தான் மூடுவாரு. நொச்சி, ஆமணக்கு எல்லாம் உடம்புக்கு, மூச்சுக்கு வெளிக்காத்து. ஸ்டீம் ரூம் கட்டினவனுக்கு இந்தப் புத்தி வரல்லையே!

கல்லடிப் பொடியன்:
நேத்து திரும்பப் போனன். கீழ்ப் படி, மூக்கு, ஆறு நிமிசம். வெளிய வந்து உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணி குடிச்சுக் கொண்டிருக்க அதே ஐயா வந்தாரு. "என்ன தம்பி, இண்டைக்கு ஊதல்லையா?"