புதிய கார் சேர்விஸ்: 38 ஆயிரம் நியாயமா?

கல்லடி ரீச்சர்:
இறக்குமதித் தடை நீங்கியபின், சென்ற வருடம் முகவர் நிறுவனம் ஒன்றிடம் புதிய கார் வாங்கினோம். 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சின், டர்போ இல்லை. உத்தரவாதம் 3 வருடம் அல்லது 1 இலட்சம் கிலோமீற்றர். 10,000 கிலோமீற்றர் சேர்விஸுக்குக் கொழும்பில் விட்டு எடுத்தோம். பில் 38 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஒயில், ஒயில் பில்டர் போக, எஞ்சின் ஃபிளஷ், இன்ஜெக்டர் கிளீனர், ஏசி கிருமிநீக்கம், பிறேக் துப்புரவு என்று நீண்ட பட்டியல். 18 சதவீதம் பெறுமதிசேர் வரியும் அந்தப் பில்லுக்குள் அடக்கம். "புதிய கார் என்றால் அப்படித்தான்" என்கிறார் வீட்டுக்காரர். அப்படித்தானா? வருடத்துக்கு எவ்வளவு ஒதுக்கிவைக்க வேண்டும்?

ஆரையம்பதியான்:
இல்லை ரீச்சர். 10,000 கிலோமீற்றர் ஓடிய எஞ்சினுக்குள் ஃபிளஷ் ஊற்றிக் கழுவ என்ன அழுக்கு சேர்ந்திருக்கப் போகிறது? இன்ஜெக்டர் கிளீனரும் அதே சாதிதான். இரண்டையும் வெட்டுங்கள், பில் தானாக இறங்கும். நான் ஊரில்தான் செய்விக்கிறேன். நல்ல சிந்தெட்டிக் ஒயில் 4 லீற்றர், பில்டர், கூலி, கழுவுதல் எல்லாம் சேர்த்து 25 ஆயிரத்தை ஒட்டி முடிகிறது. நீங்கள் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போய்வர 600 கிலோமீற்றருக்கு மேல். பெற்றோல் லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 9 ஆயிரம் வீதியிலேயே எரிந்துவிடும். அதையும் சேர்த்தால் உங்கள் சேர்விஸ் 47 ஆயிரம்.

பாண்டிருப்புக் கணக்காளர்:
ஆரையம்பதித் தம்பி கூட்டலில் கெட்டிக்காரர், ஒப்பந்தம் வாசிப்பதில் அல்ல. ரீச்சர், உங்கள் உத்தரவாதப் பத்திரத்தின் நிபந்தனைகளைப் பாருங்கள். குறித்த இடைவெளியில், அவர்களுடைய சேர்விஸ் நிலையத்தில் செய்து முத்திரை வாங்கியிருக்க வேண்டும் என்று அநேகமாக எழுதியிருக்கும். சிவிடி என்னும் தானியங்கிக் கியர்பெட்டியோ ஏசி கொம்பிரசரோ இரண்டாம் வருடத்தில் போனால் செலவு இலட்சக் கணக்கில் வரும். அன்றைக்கு ஊர் கராஜின் துண்டுச்சீட்டைக் காட்டி என்ன கேட்பீர்கள்? கூடுதலாகக் கொடுக்கும் 15, 20 ஆயிரத்தைக் காப்புறுதிக் கட்டணம் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆரையம்பதியான்:
காப்புறுதிக்குத்தான் தனியாக வருடாவருடம் கட்டுகிறோமே அண்ணன். கார் வாங்கும்போது இலட்சங்களை வரியாக அள்ளிக் கொடுத்தவன் ஒயில் மாற்றவும் கொழும்புக்குக் காவடி எடுக்க வேண்டுமா?

ஓட்டமாவடி பாஸ்:
இரண்டு பேரும் பணத்தையே பேசுகிறீர்கள், காரைப் பார்க்கவில்லை. கராஜில் நிற்பவன் நான், சொல்கிறேன்.

ரீச்சர் எப்படி ஓடுகிறீர்கள் என்பதுதான் முதற் கேள்வி. ஜப்பானிலிருந்து நேரடியாக வரும் டொயோட்டாக்களின் கைந்நூலில், டர்போ இல்லாத பெற்றோல் எஞ்சினுக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது 1 வருடம் என்றிருக்கும். கடுமையான பயன்பாடு என்றால் அதில் பாதி: 7,500 அல்லது 6 மாதம். ஒரு தடவைக்கு 8 கிலோமீற்றருக்குள் முடியும் குறுகிய ஓட்டங்களும், தூசி மணல் வீதிகளும் கடுமையான பயன்பாட்டுக்குள் அடங்கும். கல்லடியிலிருந்து பாலம் கடந்து பட்டணத்துப் பள்ளிக்கூடம், அங்கிருந்து சந்தை, வீடு. எஞ்சின் சூடேறுமுன் நிறுத்திவிடுகிறீர்கள். ஒயிலில் சேரும் நீராவியும் பெற்றோலும் வெளியேற நேரமே இல்லை. மீற்றரில் குறைவாக ஓடியிருந்தாலும் 6 மாதத்தில் ஒயில் மாற்றத்தான் வேண்டும். நம்மவர்கள் 5,000க்கு ஒருமுறை மாற்றுவது பழைய மினரல் ஒயில் காலத்துப் பழக்கம். சிந்தெட்டிக் ஊற்றிவிட்டு 5,000இல் வடிப்பது வீண்.

இரண்டாவது, ஒயில் அளவு. உங்கள் எஞ்சினுக்கு மூன்றரை லீற்றர் அளவில்தான் போகும். பில்லில் 4 லீற்றர் கேன் விழும். மிச்ச ஒயில் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். டிக்கியில் கிடந்தால் இடையில் அளவு குறையும்போது ஊற்றலாம். சில இடங்களில் அந்த மிச்சங்கள் ஒரு பீப்பாயில் சேர்ந்து இன்னொருவருக்கு விலையாவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஊர் கராஜிலும் நடக்கும், பெரிய இடத்திலும் நடக்கும்.

மூன்றாவது, கடல். கடற்கரையோரம் வீடுள்ளவர்களின் காரை உயர்த்தினால் அடிப்பகுதி போல்ட்டுகளின் தலை சிவந்திருக்கும், பற்றரி முனையில் பச்சைப் பொடி பூத்திருக்கும். எஞ்சின் ஃபிளஷ் தேவையில்லை என்பதில் தம்பியோடு எனக்கு வாதமில்லை. பிறேக் துப்புரவை மட்டும் அதே கத்தியால் வெட்டாதீர்கள். பிறேக் பாட்டை அழுத்தும் கலிப்பரின் பின் உப்பில் இறுகினால் பாட் ஒரு பக்கம் தேய்ந்து டிஸ்க்கையும் கெடுக்கும். மாரியில் வெள்ளத்துக்குள் ஓடிய கார் என்றால் சேர்விஸ் நாள் வரும்வரை காத்திருக்கவே கூடாது.

பாண்டிருப்புக் கணக்காளர்:
பாஸ் சொன்ன மிச்ச ஒயில் விடயம் எனக்குப் புதிது. அடுத்த முறை கேட்கிறேன்.

கல்லடி ரீச்சர்:
விளக்கத்துக்கு நன்றி நானா. நாங்கள் 6 மாதத்தைக் கணக்கில் எடுக்கவே இல்லை. ஆனால் மொத்தத் தொகையை இன்னும் ஒருவரும் சொல்லவில்லையே!

பாண்டிருப்புக் கணக்காளர்:
என் குறிப்புப் புத்தகத்திலிருந்து சொல்கிறேன், உங்களுடையதைப் போன்ற கார்தான். வருடத்துக்கு இரண்டு சேர்விஸ், முகவரிடம் என்றால் 70 ஆயிரம் அளவில். வீல் எலைன்மென்ட், ரயர் இடமாற்றம், ஏசி பில்டர், வைப்பர் இறப்பர் எல்லாம் சேர்ந்து இன்னும் 15 முதல் 20 ஆயிரம். முதல் இரண்டு வருடம் இதோடு நிற்கும். பிறகுதான் பெரிய செலவுகள். பிறேக் ஒயில் 2 வருடத்துக்கு ஒருமுறை. பற்றரி மூன்றாம் வருடத்தை ஒட்டி. 40,000 கிலோமீற்றரைத் தாண்டியதும் நான்கு ரயர்கள், அது மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேல். இரிடியம் பிளக் 1 இலட்சம் கிலோமீற்றர் வரை தாங்கும். அதற்குமுன் மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள். மாதம் 10 ஆயிரம் எடுத்துவைத்தால் கடன்படாமல் சமாளிக்கலாம். வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் வேறு கணக்கு.

ஆரையம்பதியான்:
இரண்டு சேர்விஸ் 70 ஆயிரம். ஊரில் 50. மூன்று வருடத்தில் 60 ஆயிரம் மிச்சம், அதோடு கொழும்புப் பயணச் செலவு. ரயர் நான்கும் அதிலேயே வந்துவிடும்.

பாண்டிருப்புக் கணக்காளர்:
கியர்பெட்டி வராது.

ஓட்டமாவடி பாஸ்:
தம்பி, எனக்கு வேலை கிடைக்கும் வழியை நானே அடைக்கிறேன்: உத்தரவாதம் இருக்கும்வரை ரீச்சர் முகவரிடமே போகட்டும். ஆனால் வண்டியை விட்டவுடன் மதிப்பீட்டுத் தாளை வாங்கி, கைந்நூலில் இல்லாத ஒவ்வொரு வேலையையும் பேனாவால் வெட்டிவிட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். ஏசி பில்டரை வீட்டிலேயே மாற்றலாம். பெரும்பாலான கார்களில் கையுறைப் பெட்டியைக் கழற்றினால் பின்னால் இருக்கும். ஜப்பானிலிருந்து விற்பனையாளர் தாமாக இறக்கிய கார் என்றால் கதை வேறு. இங்குள்ள முகவரின் உத்தரவாதம் அதற்கு இல்லை, எங்கே செய்வித்தாலும் ஒன்றுதான்.

ஆரையம்பதியான்:
என்னுடையது அப்படி வந்த கார்தான் நானா.

பாண்டிருப்புக் கணக்காளர்:
இதை முதற் பதிவிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு தட்டச்சு செய்திருக்க மாட்டேன்.