மறு: 'அனிமல் மாடல்' – 'ஒப்புயிரி' என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். மனித நோயையோ நடத்தையையோ ஆராய்வதற்காக ஆய்வகத்தில் வைத்துப் பார்க்கும் விலங்கைத்தான் ஆங்கிலத்தில் 'அனிமல் மாடல்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'ஒப்புயிரி' என்று நான் முன்மொழிந்ததற்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> 'விலங்கு மாதிரி' என்று ஏற்கெனவே எழுதிக்கொண்டுதானே இருக்கிறோம், புதுச்சொல் எதற்கு?

எலி வரைக்கும் அது ஓடிவிடும் ஐயா. குரங்கிடம் வரும்போதுதான் மாட்டிக்கொள்கிறது. ஹன்டிங்டன் என்பது மூளையைச் சிதைக்கும் பரம்பரை நோய். 'ஹன்டிங்டன் நோயை ஆராயக் குரங்கு மாதிரி உருவாக்கினார்கள்' என்றால் படிப்பவருக்குப் பொம்மைதான் நினைவுக்கு வரும். அடுத்த வரியிலேயே 'குரங்கு மாதிரிகளின் இரத்த மாதிரிகள்' என்று வரும். ஆய்வுக்கு எடுக்கும் சாம்பிளுக்கு 'மாதிரி' வேரூன்றிவிட்டது, அதை இனி அசைக்க முடியாது.

> 'பதிலி' எப்படி? மனிதருக்குப் பதிலாகத்தானே குரங்கை வைக்கிறோம்?

சொல் அழகுதான். ஆனால் பதிலி என்றால் ஆள் வராத இடத்தில் அவர் வேலையை முழுக்கப் பார்ப்பவர் என்று பொருள்படும். குரங்கு அப்படிப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் குரங்கு நடத்தை ஆய்வாளர் ஸ்டீபன் சுவோமியின் குழு ரீசஸ் குரங்குகளில் செய்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். செரட்டோனின் என்பது நரம்புச் செல்களிடையே செய்தி கொண்டுசெல்லும் வேதிப்பொருள். அதைச் செல்லுக்குள் திரும்ப எடுக்கும் 'கடத்தி'ப் புரதத்தின் மரபணுவை முடுக்கும் பகுதி சில குரங்குகளில் நெடியது, சிலவற்றில் குறுகியது. மனிதரிலும் இப்படி இரண்டு வகை உண்டு. 2002இல் வந்த முடிவு இது: தாயிடமிருந்து பிரித்து, ஒத்த வயதுக் குட்டிகளோடு மட்டும் வளர்த்த குரங்குகளில், குறுகிய வகை உள்ளவற்றின் மூளைத் தண்டுவடத் திரவத்தில் செரட்டோனின் சிதைந்து வரும் பொருள் குறைவாக இருந்தது. தாய் வளர்த்த குட்டிகளில் அந்த வேறுபாடே இல்லை. மரபணு தனியாக எதையும் முடிவு செய்யவில்லை, வளர்ப்பும் சேர்ந்துதான் செய்தது.

சரி, இதை அப்படியே மனிதருக்குச் சொல்லிவிடலாமா? அந்தப் பகுதியின் நீள வேறுபாடு மனிதரில் ஏறக்குறைய 44 டிஎன்ஏ எழுத்து, ரீசஸில் 21. ஒத்த இடம், ஆனால் ஒரே மாற்றம் இல்லை. மனிதரில் குறுகிய வகையும் வாழ்க்கைத் துயரமும் சேர்ந்தால் மனச்சோர்வு வரும் என்று 2003இல் ஒரு முடிவு வந்து பெரிதாகப் பேசப்பட்டது. பின்னால் பல்லாயிரம் பேரை வைத்துப் பார்த்த ஆய்வுகளில் அது நிற்கவில்லை. 'பதிலி' என்று பெயர் வைத்திருந்தால் இந்த இடைவெளியைச் சொல்லே மூடி மறைத்திருக்கும். நிகரானது என்ற பொருளில் 'நிகரி' என்று வைத்தாலும் இதே குறைதான். 2007இல் ரீசஸின் முழு மரபணுத்தொகுதி வெளியானபோது மனிதரோடு சுமார் 93 விழுக்காடு ஒத்துப்போனது. மீதி ஏழு சின்ன எண் இல்லை.

அதனால்தான் 'ஒப்புயிரி' என்கிறேன். ஒப்பிடுவதற்காக வைத்த உயிர், அவ்வளவுதான். எதில் ஒப்பு என்பதை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். 2008இல் அட்லாண்டாவின் யெர்க்கீஸ் குரங்கின ஆய்வு மையத்தில், கோளாறுள்ள மனித ஹன்டிங்டன் மரபணுவை ரீசஸ் கருமுட்டையில் வைரஸ் வழியாக ஏற்றிக் குட்டிகளைப் பிறக்க வைத்தார்கள். சிலவற்றுக்கு நோயாளிகளுக்கு வருவது போன்ற கட்டுக்கடங்காத உடல் அசைவுகள் வந்தன, சில பிறந்த கொஞ்ச நாளிலேயே இறந்தன. இவற்றை 'ஹன்டிங்டன் ஒப்புயிரி' என்று எழுதினால் இடறுவதில்லை. 'ஒப்புயிரிக் குரங்கு', 'ஒப்புயிரி எலி', 'ஒப்புயிரிகளின் இரத்த மாதிரி' எல்லாம் வாயில் நுழைகின்றன.

'மாடல் ஆர்கனிசம்' வேறு விஷயம், இரண்டையும் கலக்க வேண்டாம். பழ ஈயும் உருளைப் புழுவும் உயிரியலின் பொது விதிகளை அறிய வளர்ப்பவை. அவற்றுக்கு 'மாதிரி உயிரி' இருக்கட்டும்.

> அப்படியானால் தட்டில் வளர்க்கும் செல்லுக்கு? அது உயிரி இல்லையே.

நியாயமான கேள்வி அம்மா. அதற்கு 'நோய் ஒப்புரு' என்று வைக்கலாம். செல்லுக்கும் கணினிக் கணக்கீட்டுக்கும் சேர்த்துப் பொருந்தும். விலங்காக இருந்தால் மட்டும் ஒப்புயிரி.

மறுப்பு இருந்தால் ஒரு முழு வாக்கியத்தில் சொல்லை வைத்துக் காட்டி எழுதுங்கள், தனிச்சொல்லாகப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். அப்புறம் ஒரு மரபணுவை வேலை செய்யாமல் ஆக்குவதைக் குறிக்கும் 'நாக்-அவுட்'டுக்குத் தமிழ்ச்சொல் இன்னும் தொங்குகிறது. 2019இல் ஷாங்காயில் உடல் கடிகார மரபணு ஒன்றை முடக்கிய குரங்கிலிருந்து ஐந்து நகல் குட்டிகளை எடுத்தார்களே, அந்தச் செய்தியை மொழிபெயர்க்க இந்தச் சொல் வேண்டும். 'மரபணு நீக்கிய' என்றால் மரபணு இருக்கும்போதே வேலை செய்யாமல் போவதைச் சொல்லாது. 'மரபணு முடக்கிய' என்பது என் பக்கத்து முன்மொழிவு, தனி இழையில் தொடங்குகிறேன்.