முன்கூட்டியே விதைத்தால் தண்ணீர் மிச்சமாகுமா?

ஈரமண்:
மக்காச்சோளத்துக்கு எத்தனை தண்ணீர் விட வேண்டும் என்று கேட்பவர்கள், எப்போது விதைக்கிறார்கள் என்பதைச் சொல்வதே இல்லை. எல்லாக் கணக்கும் அதில்தான் இருக்கிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 1998 வழிகாட்டி சொல்லும் முறை எளிது: அன்றைய வானிலையில் ஒரு புல்தரை எவ்வளவு நீரை இழக்கும் என்று பார்த்து, அதைப் பயிர்க் குணகத்தால், அதாவது பயிர் புல்தரையைப்போல் எத்தனை மடங்கு நீர் கேட்கும் என்ற எண்ணால், பெருக்க வேண்டும். மக்காச்சோளத்துக்கு அந்தக் குணகம் இளம்பயிரில் 0.3, பூக்கும் சமயத்தில் 1.2. கடும் வெயிலில் புல்தரை 7 மி.மீ. இழந்தால் பயிருக்கு நாளொன்றுக்கு 8.4 மி.மீ. வேண்டும். இதமான பருவத்தில் 4 மி.மீ. என்றால் 4.8 போதும். பூக்கும் கட்டத்தின் 40 நாளில் 144 மி.மீ. வித்தியாசம், அதாவது ஹெக்டேருக்கு 1,440 கனமீட்டர்! முன்கூட்டியே விதைத்து, வெயில் ஏறுமுன் பூக்க விடுங்கள்.

மேட்டுக்காடு:
இரண்டு பருவத்திலும் 40 நாள் என்று எப்படி வைத்தீர்கள்? பயிர் நாளை எண்ணி வளர்வதில்லை, வெப்பம் சேரச் சேரத்தான் வளரும். இதமான பருவத்தில் அதே கட்டம் 50 நாள் இழுத்தால் 240 மி.மீ. ஆகிறது. வெயிலில் 40 நாளுக்கு 336, ஆக மிச்சம் 96தான். மண் 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் இடங்களில் முளைப்பே தடுமாறும், அப்புறம் மறுவிதைப்புதான்.

ஈரமண்:
சரி, நாள் கூடுவதை நான் விட்டது தவறு. ஆனால் 96-ஐப் போய் 'தான்' என்கிறீர்களே! தடவைக்கு 50 மி.மீ. பாய்ச்சுபவருக்கு அது கிட்டத்தட்ட இரண்டு தண்ணீர். அதுவும் கதிரில் பட்டுநூல் போன்ற இழைகள் வெளிவரும் நேரத்தில். அப்போது பயிர் வாடினால் மணி பிடிக்காது, பிறகு எவ்வளவு பாய்ச்சியும் பயனில்லை.

மேட்டுக்காடு:
அதனால்தான் மழையைப் பாருங்கள் என்கிறேன். பெருமழை இளம்பயிர் மேல் பெய்தால், வேர் எட்டாத ஆழத்துக்கு இறங்கிப் போய்விடும். அதே மழை பூக்கும் பயிருக்குக் கிடைத்தால் பாசனமே குறையும். மழைக்காலம் பின்னால் வரும் இடத்தில் முன்விதைப்பு நஷ்டம். இன்னொன்று, இளம்பயிருக்குச் சொன்ன அந்த 0.3 குணகம் மேல்மண் காய்ந்திருந்தால்தான். அடிக்கடி நனைத்தால் 1-ஐ நெருங்கும்.

காற்றுவழி:
இருவருமே காற்றையும் ஈரப்பதத்தையும் விட்டுவிட்டீர்கள். வெப்பம் 30 டிகிரிக்கு மேல் போகும்போது, ஈரக்காற்றுள்ள வெப்பமண்டலத்தில் புல்தரை இழப்பு 5 முதல் 7 மி.மீ., வறண்ட வெப்பமண்டலத்தில் 6 முதல் 8. வெப்பமானியை மட்டும் பார்த்து விதைப்பு நாளைக் குறிக்க முடியாது.

ஈரமண்:
ஒப்புக்கொள்கிறேன். பத்து பத்து நாளாக மழையையும் ஆவியாதலையும் எழுதி, பூக்கும் கட்டத்தில் பற்றாக்குறை எந்த விதைப்பில் குறைவு என்று பார்க்கலாம். மழைக்குப் பிறகு கோடை வரும் நிலத்துக்கு என் பதில் இன்னும் முன்விதைப்புதான்.

மேட்டுக்காடு:
கோடைக்குப் பிறகு மழை வரும் நிலத்துக்கு என் பதில் பின்விதைப்பு.