லயத்து ஈரத்திலும் நிற்கிற ஹெட்போன் ஒன்று சொல்லுங்கள் (பழையது உடைந்துவிட்டது)

தலவாக்கலை டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். பின்னேரம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை ஓ/எல் பிள்ளைகளுக்கு ஒன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வீடு லயத்தில் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு). ஒரு பக்கம் பக்கத்து வீட்டு டிவி, மறுபக்கம் சின்னப் பிள்ளைகளின் கூத்து. அதனால் காதை முழுதாக மூடுகிற ஹெட்போன்தான் எனக்குச் சரி.

இருந்தது போன வாரம் உடைந்துவிட்டது. இடது காதுப் பக்கம், உள்ளே மடங்கும் இடத்தில் பிளாஸ்டிக் விண்டு, இப்போது செலோடேப் சுற்றி வைத்திருக்கிறேன். சத்தம் இரண்டு பக்கமும் நன்றாக வருகிறது. அதற்கு முன்பே குஷனின் கறுப்புத் தோல் உரிய ஆரம்பித்துவிட்டது. வகுப்பு முடித்து எழுந்தால் கன்னமெல்லாம் கறுப்புப் பொடி. வாங்கிய கடையில் கேட்டேன், உடைசலுக்கு வாரண்டி இல்லையாம்.

25,000 ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. உழைக்கிற மாதிரி எதை வாங்கலாம்? வயர் இல்லாதது எடுத்தால் நல்லதா?

பதுளைத் தம்பி:
அக்கா, புளூடூத் ஒன்று எடுங்கள். வயர் இல்லையென்றால் வயர் அறுகிற பிரச்சினையே இல்லை. வெளியே போகும்போதும் போட்டுக்கொள்ளலாம்.

ஹட்டன் ரிப்பேர்:
தம்பி, டீச்சருக்கு அறுந்தது வயர் இல்லையே. மடங்கும் இடம் அல்லவா?

டீச்சர், பாட்டு கேட்க புளூடூத் நல்லதுதான். பாடம் நடத்த நான் சொல்லமாட்டேன். சாதாரண புளூடூத் ஹெட்போனின் மைக்கைத் திறந்த உடனே லெப்டொப் அதை அழைப்பு முறைக்கு மாற்றிவிடும். அப்போது காதில் விழும் சத்தமும் டெலிபோன் சத்தம் மாதிரி தேய்ந்துபோகும். அடுத்தது பட்டரி. தினமும் நான்கு மணி நேரம் என்றால் அடிக்கடி சார்ஜ் போட வேண்டும், லித்தியம் பட்டரி வருஷம் போகப் போகக் கொள்ளளவு குறைந்துகொண்டே வரும். பல மாடல்களில் அதைக் கழற்றி மாற்றுவது பெரிய வேலை. ஸ்பீக்கர் நன்றாக இருக்கும்போதே ஹெட்போன் செத்துப்போகும். வயர் போனால் ஒரு பிளக்கும் கொஞ்சம் ஈயமும் போதும்.

இப்போதைக்குப் பழையதை ஒட்டிப் பாருங்கள். சூப்பர் குளூ வேண்டாம். அது காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்து, அடுத்த முறை விரிக்கும்போது அதே இடத்தில் விடும். இரண்டு டியூப்பாக வருகிற எபொக்சி பசை ஹாட்வேர் கடையில் கிடைக்கும். உடைந்த முகங்களை அரத்தாளால் கொஞ்சம் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். பழைய குடைக்கம்பியில் ஒரு துண்டு வெட்டி, விரிசலுக்குக் குறுக்கே வைத்து அதன் மேலும் பசை பூசுங்கள். பாரம் பசையில் மட்டும் விழாமல் கம்பியிலும் விழும். ஒட்டிய பிறகு அந்தப் பக்கம் மடங்காது. மடங்காவிட்டால் என்ன, மேசையில்தானே இருக்கப்போகிறது.

ஒரு விஷயம்: பெட்டியில் போட்டிருக்கும் காயும் நேரம் கொழும்பு மாதிரி சூட்டுக்குத்தான் பொருந்தும். நம் பக்கத்துக் குளிரில் எபொக்சி மெதுவாகத்தான் இறுகும். ஒரு இரவு போதாது, இரண்டு நாள் தொடாமல் வையுங்கள்.

தலவாக்கலை டீச்சர்:
நன்றி அண்ணா, குடைக்கம்பிக்கு இங்கே பஞ்சமில்லை. ஒட்டிப் பார்க்கிறேன். ஆனாலும் புதியது ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டும். பரீட்சை நேரத்தில் இது கைவிட்டால் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

கண்டி ஒலிக்காரன்:
சவுண்ட் வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஹெட்போனில் ஸ்பீக்கர் சாவது அபூர்வம். சாவது மூன்று இடம்: பிளக்குக்குப் பக்கத்தில் வயர், மடங்கும் இடம், குஷன். அதனால் கடைக்குப் போனால் 'இது உடையுமா' என்று கேட்காதீர்கள், உடையாது என்றுதான் சொல்வார்கள். இதற்குக் குஷன் தனியாகக் கிடைக்குமா, வயர் கழருமா என்று கேளுங்கள்.

ஒலிப்பதிவுக் கூடங்களில் ஓடுகிற ஹெட்போன்கள் வருஷக்கணக்கில் நிற்பதன் ரகசியமும் அதுதான். சென்ஹைசர் எச்டி 25 என்று ஒன்று 1988இல் வந்தது, இன்னும் விற்கிறார்கள். எடை 140 கிராம்தான். தலைப்பட்டி, வயர், ஸ்பீக்கர் என்று ஒவ்வொரு பாகத்தையும் தனியாக வாங்கி மாட்டலாம். உங்கள் பட்ஜெட்டுக்கு அது ஒத்துவராது. சோனி எம்டிஆர்-7506 1991இலிருந்து இருக்கிறது, மாற்றுக் குஷன் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அது மடங்குகிற வகை, சுருள் வயரும் கழராது.

உங்கள் வேலைக்கு நான் சொல்வது ஓடியோ டெக்னிக்கா எம்20எக்ஸ். அதன் பெரிய நன்மை, அது மடங்காது! மேசையை விட்டு நகராத ஹெட்போனுக்கு மடங்கும் மூட்டு எதற்கு? மூட்டு இல்லாவிட்டால் அங்கே உடையவும் ஒன்றும் இல்லை. குறை என்னவென்றால் வயர் கழராது, நீளமும் அதிகம். நாற்காலிச் சக்கரம் ஏறாமல் மிச்சத்தைத் தளர்வாகச் சுருட்டிக் கட்டுங்கள். கழரும் வயர்தான் வேண்டுமென்றால் அதே வரிசையில் எம்40எக்ஸ். விலை உங்கள் கணக்கைத் தாண்டலாம்.

இன்னொன்று, 250 ஓம் (மின்தடை அளவு) என்று போட்ட ஹெட்போனை யாராவது நல்லது என்று சொன்னால் எடுத்துவிடாதீர்கள். லெப்டொப்பில் நேரே குத்தினால் சத்தம் போதாது, சத்தத்தைக் கூட்டுகிற தனி ஆம்ப் (அம்ப்ளிஃபையர்) வேண்டும்.

நுவரெலியா அம்மா:
குஷன் பற்றி யாரும் விளக்கமாகச் சொல்லவில்லையே. அந்தக் கறுப்புத் தோல் தோலே இல்லை, துணி மேல் பூசிய பொலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல அதை உடைத்துவிடும். வேர்வையும் தலை எண்ணெயும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். போடாமல் பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் உரியும். எங்கள் ஊர் மூடுபனியில் அது நீண்ட நாள் தாங்கும் என்று நினைக்கவே வேண்டாம். நான் வாங்கும்போதே வெல்வெட் மாதிரித் துணிக் குஷன் ஒரு சோடி சேர்த்து வாங்கிவிடுவேன். அது உரியாது. வெளிச்சத்தம் கொஞ்சம் கூடுதலாக உள்ளே வரும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஈரம் போகட்டும் என்று அடுப்புக்கு மேல் தொங்கவிடுகிறவர்களும் உண்டு (என் வீட்டுக்காரர்!). புகைக்கரியும் சூடும் ஈரத்தைவிடக் கேடு. நன்றாக மூடுகிற பிஸ்கட் டின்னில் சிலிக்கா ஜெல் பைகள் இரண்டு போட்டு வைத்தாலே போதும். வகுப்பு முடிந்ததும் குஷனைக் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு டின்னில் வையுங்கள்.

பதுளைத் தம்பி:
எங்கள் பக்கம் மார்கழி, தை மழையில்தான் இந்தக் கூத்து. உங்கள் பக்கம் வைகாசியில் பிடித்தால் புரட்டாதி வரை விடாதே அக்கா. சரி, நான் புளூடூத்தை வாபஸ் வாங்குகிறேன்.

தலவாக்கலை டீச்சர்:
மடங்காதது என்று ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. எம்20எக்ஸ் தேடுகிறேன், துணிக் குஷனும் சேர்த்து. தங்கச்சி கொழும்பில் வேலை செய்கிறாள், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பார்க்கச் சொல்லவா? அப்புறம் இதில் மைக் இல்லையே, என்ன செய்வது? என் லெப்டொப்பில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளைதான்.

கண்டி ஒலிக்காரன்:
முதலாம் குறுக்குத் தெருவில் மலிவாகக் கிடைக்கும், போலியும் கிடைக்கும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலும் விலை கேட்கச் சொல்லுங்கள். எங்கே வாங்கினாலும் வாரண்டி எழுதிய பில் வேண்டும். கடையிலேயே தன் போனிலோ அங்குள்ள லெப்டொப்பிலோ குத்தி, இடது வலது இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, பிளக் பக்கத்தில் வயரை மெதுவாக வளைத்துப் பார்க்கட்டும். சத்தம் விட்டு விட்டு வந்தால் அதை எடுக்க வேண்டாம்.

மைக் பற்றிக் கவலை வேண்டாம். எம்20எக்ஸ் பிளக்கில் இரண்டு கறுப்பு வளையம்தான் இருக்கும், மைக் உள்ளதில் மூன்று. அதைக் குத்தினால் பெரும்பாலான லெப்டொப்களில் சத்தம் ஹெட்போனுக்குப் போகும், பேச உள்ளே இருக்கிற மைக்கே வேலை செய்யும். வகுப்புச் செயலியின் அமைப்பில் மைக் எது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு டிவி பிள்ளைகளுக்கும் கேட்கிறது என்றால் சட்டையில் குத்துகிற யூஎஸ்பி மைக் ஒன்று எடுங்கள். அது யூஎஸ்பி துளைக்குப் போவதால் அந்த ஒரே துளை ஹெட்போனுக்கே இருக்கும்.

ஹட்டன் ரிப்பேர்:
பழையதை ஒட்டிய பிறகு தூக்கி எறியாதீர்கள் டீச்சர். புதியதற்கு ஏதாவது ஆனால் அன்றைய வகுப்புக்கு அது போதும். ஒட்டு பிடிக்காவிட்டால் ஹட்டன் பக்கம் வரும்போது கொண்டுவாருங்கள், பார்ப்போம்.