மகளின் ரத்தத்தில் ஈயம்: எங்கே சோதிக்கலாம்?

போன வருஷம் தத்தெடுத்த எங்கள் மகளுக்கு மூன்று வயது. சுவரைச் சுரண்டி வாயில் போடுகிறாள், சாப்பாடு இறங்கவில்லை, ரத்தசோகை வேறு. ஜனவரியில் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 14 மைக்ரோகிராம். 5 தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகள் இல்லத்தில் இருந்தபோது சேர்ந்தது என்றார்கள். ஏப்ரலில் 19! அப்படியென்றால் எங்கள் வீட்டிலேயே ஏதோ இருக்கிறது.

45-க்குக் கீழே என்பதால் ஈயத்தை வெளியேற்றும் மருந்து வேண்டாம், இரும்புச்சத்து டானிக் போதும், காரணத்தைக் கண்டுபிடித்து அகற்றுங்கள் என்கிறார் டாக்டர். கண்மை நிறுத்தியாச்சு. ரசம் வைக்கிற ஈயச்சொம்பைப் பரணில் ஏற்றியாச்சு (சுத்த வெள்ளீயம் என்றுதான் விற்றார்கள், காரீயம், அதாவது ரத்தத்தில் ஏறுகிற அந்த ஈயம், கலந்திருந்தால் பார்த்துத் தெரியாது, புளிக்கு ரசத்தில் இறங்கிவிடும்). மஞ்சளும் கிழங்காக வாங்கித்தான் அரைக்கிறோம்.

மிச்சம் ஜன்னல். தெற்கு மாசி வீதிப் பக்கம் பழைய வீடு. பச்சைப் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து அவள் படுக்கிற பாயோரம் கிடக்கிறது. பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு வந்ததே 2017-இல். இது அதற்கு வெகு முன்னால் அடித்தது. சுரண்டினால் தூசி பறக்கும் என்பதால் ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. தண்ணீர் சோதிக்கிற லேபில் பெயிண்ட், பாத்திரம் எடுப்பதில்லையாம்.

மதுரையிலோ திருச்சி, கோவையிலோ பெயிண்ட் பொருக்கையும் சொம்பையும் ஈயத்துக்குச் சோதித்து ரிப்போர்ட் தருகிற இடம் எது?