பொருள்: கிராக்டு டூத் – வெடிப்பா, விரிசலா, விடரா?

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். பல் மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் கொடுக்க நான்கு பக்கக் கையேடு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘கிராக்டு டூத்’ என்பதற்குப் பக்கத்துக்கு ஒரு சொல்லாகப் பல் வெடிப்பு, பல் பிளவு, பல் முறிவு என்று கலந்து கிடக்கிறது. ஒன்றைச் சொல்லுங்கள், எல்லா இடத்திலும் அதையே போட்டுவிடுகிறேன்.

பல் மருத்துவர்:
ஒன்றையே எல்லா இடத்திலும் போட்டால் கையேடு தவறாகிவிடும். அமெரிக்க வேர்சிகிச்சை (ரூட் கேனல்) வல்லுநர் சங்கம் இதை ஐந்தாகப் பிரிக்கிறது. கிரேஸ் லைன் எனாமலோடு நின்றுவிடும் கோடு. வலிக்காது, ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டாவது, கடைவாய்ப் பல்லின் ஒரு முகடு (மெல்லும் பரப்பில் எழுந்திருக்கும் மேடு) மட்டும் உடைவது. பெரும்பாலும் பெரிய ஃபில்லிங் ஓரத்தில். மூன்றாவதுதான் நீங்கள் கேட்டது: கோடு மேலிருந்து வேரை நோக்கி இறங்கியிருக்கும், ஆனால் இரு பாதிகளும் இன்னும் பிரிந்திருக்காது. பிரிந்து தனித்தனியாக அசைந்தால் அது ஸ்பிளிட் டூத். முழுப் பல்லாகக் காப்பாற்ற முடியாது. ஐந்தாவது வேரில் தொடங்கி நெடுக ஓடுவது, வேர்சிகிச்சை செய்த பல்லில் அதிகம்.

மூன்றாவதைப் ‘பிளவு’ என்று அச்சிட்டால், உறை (கிரவுன்) போட்டுக் காப்பாற்றக்கூடிய பல்லையும் பிடுங்கச் சொல்வார்கள். ‘முறிவு’ வேறு விதத்தில் தவறு: எலும்பு முறிந்தால் கூடும், பல் கூடாது.

புலவர் ஐயா:
மலைப்பிளவுக்குச் சங்கப் பாட்டில் ‘விடர்’ இருக்கிறது. பாறை இரண்டாகிவிடவில்லை, உள்ளே இடைவெளி மட்டும். டாக்டர் சொல்லும் மூன்றாவது நிலை அதுவே அல்லவா? பல்விடர் என்போம். விள் என்னும் வேர் இதற்கு உறவு என்பது என் துணிபு. விள்ளல், விண்டு எல்லாம் அதன் மக்கள். விண் என்பதும் திறந்து கிடப்பதால் வந்த பெயராகலாம். வகரம் பகரமாகிப் ‘பிள’ பிறந்தது என்றும் கொள்ளலாம்.

தமிழாசிரியை:
ஐயா, விண்டு வாயில் போடுவது தோசையை. விண் வரை போக வேண்டாம். ‘விடர்’ என்று இன்று எழுதினால், அகராதி பார்ப்பவருக்கு அதே எழுத்தில் காமுகர் என்ற பொருளும் கிடைக்கும். நோயாளி கையில் கொடுக்கும் தாளுக்கு இது ஆகாது. என் வாக்கு விரிசலுக்கு. சுவரிலும் பானையிலும் இந்நிலைக்கு மக்கள் சொல்வது அதுதான்.

மொழிபெயர்ப்பாளர் கவனிக்க: ‘பற்விரிசல்’ வேண்டாம். வகரம் வரும்போது லகரம் திரியாது, பல்விரிசல்தான். வல்லினம் வந்தால்தான் பற்பிளவு, பற்கீறல்.

பல் மருத்துவர்:
விரிசலை ஏற்கிறேன். ‘வெடிப்பு’ என்றால் பித்தவெடிப்பு நினைவுக்கு வந்து களிம்பு கேட்பார்கள்.

அறிகுறிப் பத்தியையும் திருத்துங்கள். ‘கடித்தால் வலி’ போதாது. கடித்து விடும்போது சுரீரென்று வலிப்பதே அடையாளம். கடிக்கையில் விரிசல் சற்று அகல்கிறது. விட்டதும் மூடிக்கொள்ள, எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் அடுக்கின் நுண்குழல்களில் உள்ள நீர்மம் சட்டென நகர்ந்து நரம்பைத் தூண்டுகிறது. அதனால் ஒவ்வொரு முகட்டையும் தனித்தனியாகக் கடிக்க வைத்துப் பார்ப்போம். எக்ஸ்ரேயில் தெரியாததால் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கும் வரியை எடுத்துவிடுங்கள். விரிசல் பெரும்பாலும் முன்பின்னாக, எக்ஸ்ரே ஃபிலிமுக்கு இணையாக ஓடும். கதிர் அதை அகலவாக்கில் கடப்பதால் கோடு விழாது. பழைய ஃபில்லிங்கை எடுத்து, மெத்திலீன் நீலச் சாயம் தடவி, பக்கவாட்டில் விளக்கடித்தால் ஒளி விரிசலில் நின்றுவிடும். வெறும் எனாமல் கோட்டில் ஒளி தாண்டிப் போகும்.

தடுப்புப் பகுதியில் ‘கடினமான உணவு’ என்று பொதுவாகச் சொல்லாமல் கொட்டைப்பாக்கு, ஐஸ் கட்டி, எலும்பு, பல்லால் சோடா மூடி திறப்பது என்று பெயர் சொல்லுங்கள். பாக்கு புற்றுநோய்க் காரணியும்கூட. வேர்சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்கு வலி போய்விட்டது என்று உறை போடாமல் விடுவது மிகப் பெரிய தவறு. தூக்கத்தில் பல் கடிப்பவருக்குப் பல் மேல் மாட்டும் காப்பான நைட் கார்டு. பல்லை அச்செடுத்துச் செய்த கெட்டி அக்ரிலிக்காக இருக்கட்டும், வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும்.

மொழிபெயர்ப்பாளர்:
நன்றி டாக்டர். எனாமல் கீற்று, முகட்டுடைவு, பல்விரிசல், பற்பிளவு, வேர் நெடும்பிளவு என்று போடுகிறேன். நைட் கார்டுக்கு ‘இரவுப் பற்காப்பு’ சரியா?

தமிழாசிரியை:
பகலிலும் பல்லைக் கடிப்பவர் உண்டே! ‘கடிகாப்பு’ எனலாம். ஆனால் கடையில் நைட் கார்டு என்றுதான் கேட்பார்கள், அதையும் ஒருமுறை எழுதிவிடுங்கள்.

புலவர் ஐயா:
பெரும்பான்மைக்குத் தடையில்லை. ஆனாலும் விரிசலில் எனக்கு உடன்பாடில்லை. சுவர் விரிசல் என்றதும் பூசி அடைப்பதுதான் மனத்தில் வரும். பல்லையும் அப்படி அடைத்துவிடலாம் என்று நோயாளி நினைத்தால்?

பல் மருத்துவர்:
நியாயமான கவலை ஐயா. தினமும் அப்படித்தான் கேட்கிறார்கள். சொல்லை மாற்றுவதைவிட, பல்விரிசல் முதலில் வரும் இடத்திலேயே ஒரு வரி சேருங்கள்: “விரிசலை அடைத்தால் ஒட்டாது, எல்லா முகடுகளையும் மூடும் உறை போட்டு, மேலும் விரியாமல் இறுக்கிப் பிடிக்கத்தான் முடியும். அதன்பிறகும் வலி நீடித்தால் வேர்சிகிச்சை தேவைப்படலாம்.”

புலவர் ஐயா:
வரி இருக்கட்டும். விடரை அடிக்குறிப்பிலாவது போடுங்கள் தம்பி.